பொறிமரத்துக்கு நான் ஆள் கூட்டிப்போன சாரல்

கூப்பிட்டால் இப்போதும் "என்னட்டி" என்று கேட்டுவிடுவீர்களோ என்று நான் நினைத்துக்கொண்டே இருக்கிற என் அத்தானுக்கு,

ஆனி பிறந்துவிட்டது. மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம், பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஊரே சீசன் வந்த சந்தோஷத்தில் இருக்கிறது. எனக்கு மட்டும் மேற்கே பார்க்கவே மனசில்லை.

நேற்று ரேஞ்சர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. இந்த வருஷமும் வண்டு பிடிக்க நான்தான் ஆள் கூட்டிக்கொண்டு மலைக்கு வர வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வேன்? போன சாரலில் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நம் வள்ளிக்கு அதைக் கேட்கிற வயசில்லை. மற்றவர்களிடம் சொன்னால், இவ்வளவு பயந்தவளை எதற்கு மேஸ்திரியாகப் போட்டார்கள் என்று கேட்பார்கள்.

நீங்கள் இருந்தவரை உங்கள் மேஸ்திரி வேலை என்னவென்று நான் கேட்டதே இல்லை. ஈரச் சட்டையை வாங்கி அடுப்புக்கு மேலே காயப்போடுவேன். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைப்பேன். அவ்வளவுதான். செங்கோட்டை மரமில்லுக்கு ரயிலில் வந்த வெளிநாட்டு மரத்தோடு ஒரு வண்டு வந்துவிட்டது, அது மலையேறிக் காட்டு மரத்தையெல்லாம் குடைந்து சாய்க்கிறது என்று ஒருநாள் சொன்னீர்கள். நான் வண்டுதானே என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த நாள். வெட்டின மரம் கீழே விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டதாம். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்தீர்களாம். அப்போதுதான் அது உங்கள்மேல் சரிந்ததாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது, உங்களோடு மலைக்கு வருகிற மலையாளத்து ஃபாரஸ்ட் கார்டு நாணு நம் முற்றத்தில் வந்து நின்றதுதான். மழையில் நனைந்து, தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். "என்ன அண்ணாச்சி, அவுக வரலியா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் வைகாசி முடியும்போது உங்கள் ஆட்களில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் பேச்சி. உங்களுக்குத் தெரியும், மரமில்லில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி, வாயாடி.

"மைனி, வெளியூர்க்காரன் ஒருத்தன் மேஸ்திரியா வருதானாம். நாங்க போக மாட்டோம். நீங்க வந்தாத்தான் மலைக்குப் போவோம்னு ரேஞ்சர்ட்ட சொல்லிட்டோம்."

"எனக்குக் காடு தெரியாதே பேச்சி."

"காட்ட நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க எங்களப் பாத்துக்கிடுங்க."

உங்கள் பெயருக்காக அவர்கள் வந்து நிற்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பேன்? எட்டாவது படித்தது பெயர் எழுதிக் கணக்குப் பார்க்கவாவது உதவட்டும் என்று போனேன்.

வேலை நான் நினைத்த மாதிரி கஷ்டமில்லை அத்தான். ஆண்கள் மரத்தை வெட்டித் துண்டு போட்டு, கோடாரியின் பின்பக்கத்தால் பட்டையை நைத்து வைப்பார்கள். சாறு கசியும். அந்த வாசனைக்கு வண்டு எங்கிருந்தெல்லாமோ வந்து மொய்க்கும். அதனால்தான் பொறிமரம் என்று பெயராம். காலையில் நாங்கள் போகும்போது சாற்றைக் குடித்து மயங்கிக் கிடக்கும். விரல் நீளம், உடம்பைவிட நீளமான கொம்பு. பிடித்தால் கிரீச் கிரீச்சென்று கத்தும். டின்னில் போட்டு மூடி, கீழே கொண்டுவந்து தீயில் கொட்டுவோம். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ரெண்டாம் நாள் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஓடையைத் தாண்டி இறங்குவதற்கு முன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு பெயரைச் சொல்வதற்கும் "இங்கன இருக்கேன் மைனி" என்று பதில் வருவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, அதுதான். பாம்பு, யானை, வெள்ளம் இதெல்லாம் அப்புறம். யார் வீட்டு முற்றத்திலாவது நான் போய், நாணு அண்ணாச்சி நின்ற மாதிரி நிற்க வேண்டிவருமோ என்பதுதான் என் பயம். ராத்திரி சோற்றில் கை வைத்தால் அந்த நினைப்பு வந்துவிடும்.

ஆடியில் ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் மேகம் அப்படியே இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. நாணு அண்ணாச்சி ஓடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "வெள்ளம் கலங்கி வருது. வேகமா எறங்கணும், வேகம்!" மேலே எங்கேயோ பெருமழை. நான் எல்லாரையும் ஓடைக்கரைக்குக் கூட்டிவந்து பெயர் கூப்பிட்டேன்.

"பேச்சி."

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"ஏட்டி பேச்சி!"

ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "மேல உள்ள மரத்துக்குப் போனா மைனி. நீங்க நடங்க, பின்னாலயே வாறேன்னா."

தண்ணீர் அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஒருத்தரும் தாண்ட முடியாது. அவளுக்காக எல்லாரையும் நிறுத்துவதா, இவர்களுக்காக அவளை விட்டுவிட்டு இறங்குவதா? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? அன்றைக்கு அதை எத்தனை தடவை உங்களிடம் கேட்டேன் தெரியுமா? மரம் வெட்டுகிற சுப்பையாவைக் கூப்பிட்டு, கயிற்றைக் கட்டி எல்லாரையும் அக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நானும் நாணு அண்ணாச்சியும் இக்கரையில் நின்றுவிட்டோம்.

"நீயும் போ" என்றார் அவர்.

"நான் போயி அவ மாமியாட்ட என்னன்னு சொல்லட்டும் அண்ணாச்சி?"

அவர் தொப்பியை அமுக்கி மாட்டிக்கொண்டு மேலே திரும்பினார். அந்த முற்றம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

மேல்மரத்துக்கு ஏறினோம். பேச்சி என்று கத்த நான் வாயெடுத்தேன், அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். "மிண்டாதே" என்று காதுக்குள் சொன்னார். காலடியில் யானை லத்தி. அந்தக் குளிரிலும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

காற்று ஒரு தடவை மேகத்தை விலக்கியது. அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பொறிமரத்தைச் சுற்றி யானைகள். ஒன்று காலால் மிதித்துப் பட்டையை உரித்தது. இன்னொன்று சாற்றைத் துதிக்கையால் தடவித் தடவி வாயில் வைத்தது. நடுவில் ஒரு குட்டி. அதற்குப் பின்னால் இருந்த பாறை இடுக்கில் பச்சைச் சேலை. பேச்சி. முழங்காலைக் கட்டிக்கொண்டு, டின்னை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்தாள். எங்களை அவள் பார்க்கவில்லை. அவள் கண் யானைமேல் இருந்தது.

டின்னுக்குள் வண்டு கத்துவது எங்களுக்கே லேசாகக் கேட்டது. பெரிய யானை ஒன்று காதை விரித்து அந்தப் பக்கம் திரும்பியது. துதிக்கை இடுக்கைப் பார்த்து நீண்டது.

நாணு அண்ணாச்சி மடியிலிருந்து ஓலைவெடியை எடுத்தார். தீப்பெட்டி கையில் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாதீங்க. கீழ நாம நிக்கோம். வெடிச்சா அது அவ பக்கமாத்தான ஓடும்?"

அவர் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கையை இறக்கினார். நான் சொன்னது புத்தியா, பயமா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை அத்தான். துதிக்கை உள்ளே போய் அவளை இழுத்திருந்தால் அந்தச் சொல் என்னோடு சாகும்வரை இருந்திருக்கும். நான் கண்ணை மூடவில்லை. மூடினால், திறக்கும்போது என்ன இருக்குமோ என்று மூடவில்லை.

பேச்சி ஏதோ செய்தாள். குனிந்த மாதிரி இருந்தது. வண்டுச் சத்தம் நின்றுபோனது. யானை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. துதிக்கை பாறையை மோந்துகொண்டே இருந்தது. பிறகு குட்டி மேலே ஏற, அதன் பின்னால் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கடைசி யானை போன பிறகும் நாங்கள் அசையவில்லை. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. அதற்குள் அவை திரும்பி வருகின்றனவா இல்லையா என்று தெரியாமல் நின்றோமே, அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

அவளை இடுக்கிலிருந்து இழுத்தபோது கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. டின்னை விடவே இல்லை. நான் வாங்கித் திறந்தேன். மத்தியானம் குடிக்காமல் வைத்திருந்த கஞ்சியை அதில் ஊற்றியிருந்தாள். வண்டெல்லாம் கஞ்சியில் முங்கிச் செத்துக் கிடந்தன.

"கத்துச்சு மைனி. நிறுத்தவே இல்ல. வேற என்ன செய்யன்னு தெரியல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஓடை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. செங்கோட்டைப் பக்கம் மரவண்டி இறங்குகிற பழைய பாதை ஒன்று உண்டே, ரொம்பச் சுற்று, யானைத் தடம் என்று யாரும் போகாதது, வேறு வழியில்லாமல் அதில் நடந்தோம். பேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நின்று, "மைனி, நான் முழுகாம இருக்கேன். வீட்ல இன்னும் சொல்லல" என்றாள். நடந்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து நடந்த மாதிரி இருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்குவதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

நாணு அண்ணாச்சி பார்த்துவிட்டார். "மறைக்க வேண்டாம் பெண்ணே. உன் மாப்பிள்ளைக்கும் பேடி உண்டு, பயம் உண்டு. எல்லாரையும் ஓடை தாண்ட விட்டுட்டு, கடைசியில தான் தாண்டி, கரையில உட்கார்ந்து பீடி பத்தவைப்பான். கை கிடுகிடுன்னு வெறைக்கும். தீக்குச்சி நிக்காது. நான்தான் பத்தவைச்சுக் கொடுப்பேன்" என்றார்.

ஏன் அத்தான், என்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே? சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கொடுப்பீர்களே. நான் அந்தச் சிரிப்பை நம்பிவிட்டேன்.

ரோட்டுக்கு வந்து மாட்டுவண்டி ஒன்றில் ஏறி, பொழுது அடையும்போது தெருவுக்கு வந்து சேர்ந்தோம். பேச்சி மெதுவாக நடந்து பின்தங்கிவிட்டாள். அவள் வீட்டு முற்றத்துக்குள் நான்தான் முதலில் காலெடுத்து வைத்தேன். முன்னால் இறங்கிய பெண்கள் எல்லாரும் ஈரச் சேலையோடு நின்றார்கள். நடுவில் அவள் மாமியார். என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்தாள். அந்த முகம் இருக்கிறதே அத்தான், அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"வாறா! பின்னால வாறா ஆச்சி! ஒண்ணுமில்ல, வந்துக்கிட்டிருக்கா!" என்று கத்தினேன். தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். பேச்சி வாசலில் வந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேனாம். யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் ரேஞ்சரிடம் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் இனி என் ஆட்களை விட மாட்டேன் என்றேன். "வண்டு ஓடை பாத்தா வருது?" என்று முறைத்தார். "ஆளு ஓடை தாண்டித்தானய்யா வீட்டுக்கு வரணும்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். மிச்ச சீசன் ஊர்ப்பக்கக் கரையிலேயே நடந்தது. வண்டு ஒழிந்துவிடவில்லை. போன மாசம்கூடப் புதிதாக மரங்கள் காய்ந்து நிற்கின்றன என்று நாணு அண்ணாச்சி சொன்னார்.

பேச்சிக்கு மாசியில் பெண் குழந்தை. நல்ல குரல், அம்மா மாதிரியே. நேற்று ரேஞ்சர் ஆபீஸ் ஆள் போன கையோடு, இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"எப்பம் போறோம் மைனி?"

"நீ வரக்கூடாது. பிள்ளை பால் குடிக்கி."

"மாமி பாத்துக்கிடுவா. சாயங்காலம் வந்துருவோம்லா?"

"வந்துருவோம்னு நீ எப்படிட்டி சொல்லுத? எனக்குப் பயமா இருக்கு."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கும்தான் பயமா இருக்கு. அதான் உங்க பின்னால வாறேங்கேன். பயமில்லாத மேஸ்திரி பின்னால எவ போவா?"

பிள்ளைக்காரியைக் கூட்டிப்போக மாட்டேன் என்று சண்டை போட்டு அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் மற்றவர்கள் வருவார்கள். நாளைக்கு ரேஞ்சர் ஆபீஸுக்குப் போய்ச் சரி என்று சொல்லப் போகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். கூட்டிப்போன எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து விடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அந்த மலையை வைத்துக்கொண்டு அப்படி யாரால் வாக்குக் கொடுக்க முடியும்? நீங்களும் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் இதைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க: எத்தனை வருஷம் போனாலும் எனக்கு இந்தப் பயம் பழகிவிட விட மாட்டேன். கடைசி ஆள் கரையேறும்வரை நான் தண்ணீரில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், வள்ளியின் அம்மா,
செண்பகம்