நாவல் மரத்தடியில் நிற்கும் லாரி

அரியமங்கலம்
20-9-1963

அன்பு மகன் வீரமலைக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதுபோல நீயும் ஜபல்பூர் மழையில் நனைந்து காய்ச்சல் இழுத்துக்கொள்ளாமல் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் லாரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், பெற்றவளைப் பற்றி ஒரே வரி. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் உன்னை எஞ்சினுக்கே தத்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை, இந்தக் கடிதமும் லாரியைப் பற்றியதுதான், ஆனால் உன் அம்மாவைப் பற்றியதும் கூட, அதனால் பொறுமையாகப் படி.

நம்முடைய சண்டைக்காலத்து டிஸ்போஸல் லாரி, பட்டாளம் ஏலத்தில் தள்ளியது, சமமான ரோட்டில் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. கொள்ளிடக்கரைத் தோட்டத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கரைமேட்டில் ஏறும்போதுதான் சண்டித்தனம். பாதி ஆக்ஸிலேட்டர் வரைக்கும் இழுக்கிறது, முழுக்க மிதித்தால் கொஞ்ச தூரம் உறுமிவிட்டுத் திணறி, பலமெல்லாம் போய் நாவல் மரத்தடியில் நின்றுவிடுகிறது. போன வருஷம் ஆடி வெள்ளத்தில் லாரி கழுவ இறங்கிய உன் அண்ணன் தர்மராஜைத் தண்ணீரிலிருந்து தூக்கிவந்து கிடத்தினோமே, அதே நாவல் மரம். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதே லாரியில்தான். முதல் தடவை நின்றபோது நான் வண்டியைத் திட்டினேன். இரண்டாம் தடவை திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பி மேலே ஏறிவிடும், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பேய் லாரிக்குத் தார் போடமாட்டோம் என்று தோட்டக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வண்டி ஓடாவிட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது சொல்.

உன் அம்மாவுக்கு மட்டும் பயமில்லை. எம்புள்ள கூப்புடுறான், அவன்கிட்ட பேசாம போறீங்களே அதான் நிறுத்துறான் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை தோறும் என்கூட லாரியில் ஏறிக்கொள்கிறாள். மரத்தடியில் வண்டி நின்றதும் இறங்கிப் போய்த் தம்பிக்கு இன்னும் லீவு கிடைக்கலடா, மாடு கன்னு போட்டிருக்குடா என்று வீட்டுக் கதையெல்லாம் சொல்கிறாள். பேசி முடித்து ஏறி உட்காருவாள், வண்டியும் கிளம்பும். அவன் போனதிலிருந்து அவள் சாதாரணமாகப் பேசியது அந்த இடத்தில் மட்டும்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ எழுதியபடியே எல்லாம் பார்த்தாயிற்று. நம் மெக்கானிக் ஷேக் தாவூது கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார், பம்புக்குப் புது டயாப்ரம் போட்டார். என்னை மிதிக்கச் சொல்லி ஆக்ஸிலேட்டர் ராடு முழுக்கத் திறக்கிறதா என்று குனிந்து பார்த்தார், திறந்தது. கடைசியாக நீ சொன்ன தகர டப்பா வேலை. டேங்கை விட்டுவிட்டு மேலே பெட்ரோல் டப்பாவைக் கட்டி நேராக கார்புரேட்டருக்கு விட்டோம், முழு லோடோடு மேட்டில் நிற்காமல் ஏறிவிட்டது. எஞ்சின்ல ஒண்ணுமில்லீங்க, டேங்க்லேருந்து எண்ணெய் வர்ற வழியிலதான் கோளாறு என்றார் தாவூது. வீட்டில் சொன்னால் உன் அம்மா, அவன் மூடி போட்ட டேங்கை விட்டுட்டு வேற டப்பாவுல ஓட்டுனா அவன் எப்படி நிறுத்துவான் என்று என்னையே கேட்கிறாள். அவளோடு யார் வாதாடுவது. டேங்கை இறக்கிக் கழுவி, குழாயை ஊதிவிட்டு மாட்டினோம். மறுபடியும் அதே மரம், அதே இடம்.

அன்றைக்கு நான் தனியாக இருந்தேன். கோபத்தில் இறங்கிப் போய், எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று டேங்க் மூடியைத் திருகினேன். திறந்த உடனே உள்ளே காற்று போன சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் இழுக்கிற மூச்சு மாதிரியே இருந்தது வீரமலை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தர்மராஜ் என்று கூப்பிட்டும் விட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். பிறகு எழுந்து மூடியைப் புரட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் நடுவே காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டல்லவா, அது தெரியவே இல்லை. அந்த மூடி அவன் போன அன்று காலையில் வாங்கிவந்து தன் கையால் மாட்டியது. கடைசியாக அவன் கை பட்டது என்று உன் அம்மா வெள்ளிக்கு வெள்ளி அதன்மேல் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுகிறாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து அது சுண்ணாம்புப் பூச்சு போல ஓட்டையை அடைத்திருக்கிறது. வைத்த பொட்டை யார் அழிப்பார்கள், பெட்ரோல் போடுகிறவன் கூட ஓரத்தைப் பிடித்துத்தான் திறப்பான், தாவூது வண்டி முழுக்கக் கழுவியவர் அதை மட்டும் தொடவில்லை. காற்று புகாததால் முழுக்க மிதிக்கும்போது டேங்க் பெட்ரோலை விடவில்லை, கொஞ்ச நேரம் நின்றால் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து மறுபடி விட்டிருக்கிறது. நம் ஓட்டத்தில் முழுக்க மிதிக்க வேண்டிய மேடு அது ஒன்றுதான், அதனால்தான் அந்த மரம். காரணம் தெரிந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த மூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

தாவூதிடம் காட்டினேன். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா வெச்ச பொட்டை நான் அழிக்கமாட்டேங்க, மூடியோட ஓரத்துல கீழே வேற ஓட்டை போட்டுத் தரேன் என்றார். போட்டுக் கொடுத்தார். இப்போது லாரி எந்த லோடோடும் ஏறுகிறது, தோட்டக்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். உன் அம்மாவிடம் பம்பு மாற்றினோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மேட்டில் ஏறினேன், எஞ்சின் நல்ல பலத்தோடு இழுத்தது, அவள் மடியில் பூவை வைத்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை, மரத்தடியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அவள் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்து ஏறினாள். வண்டி மேட்டைத் தாண்டிய பிறகு, இன்னைக்கு அவன் நிறுத்தலீங்க, நீங்க காலைத் தூக்குனதப் பாத்தேன் என்றாள். திருவானைக்காவல் வந்ததும் அவளாகவே, அடுத்த வெள்ளிக்கும் நிறுத்துங்க என்றாள்.

சந்தன விஷயத்தை நீ மறந்தும் பதில் கடிதத்தில் எழுதாதே, நான் வெளியே போன நேரத்தில் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிவிடுவாள். பிள்ளை கூப்பிடவில்லை, தான் வைத்த பொட்டுதான் நிறுத்தியது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், ஆற்றிலோ குளத்திலோ இறங்காதே, இது உன் அம்மா தினமும் சொல்லச் சொல்வது. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க சமயபுரத்தாள் துணையிருப்பாள். லீவில் வந்தால் லாரியை ஓட்டக் கேட்பாய், தாராளமாக ஓட்டு. வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் நாவல் மரத்தடியில் காலை எடுத்துவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
பி. நல்லுசாமி