உன் அம்மாவின் வயிற்று ஆபரேஷன்

ரூசே, மே 14

அன்புள்ள நெவேனா,

நானும் அம்மாவும் நலம், கடிதத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, நிஜமாகவே நலம். சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். "இந்த வயசுல சும்மா இருக்கிற உடம்புல எதுக்குக் கத்தி வைக்கணும்?" என்று நீ போனில் கத்தியதிலிருந்து ஐந்து வாரமாக நீயும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்ததென்று உன் தம்பி போயான் சொல்லியிருப்பான். மீதியை நான் எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் அம்மாவைப் பார்த்து எழுந்து, "உட்காருங்கக்கா, மாசமா இருக்கும்போது நிக்கக் கூடாது" என்றாளாம். ஐம்பத்திரண்டு வயதில்! அம்மா நன்றி சொல்லி உட்கார்ந்து வந்துவிட்டாள். வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் புத்தியில்லாமல், "பிரசவம் எப்போ?" என்று கேட்டேன். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றின் நடுவில் விரலால் அழுத்திப் பார்த்து, "நாலு விரல் உள்ள போகுது. இரட்டைக் குழந்தை பெத்தப்ப விலகின தசை, பட்டினி கிடந்தாலும் சேராது. இடுப்பு வலிக்கும் இதுவே காரணமா இருக்கலாம்" என்றார். இதை உன் மேல் குறையாக எழுதவில்லை கண்ணே. பிறந்தபோது நீயும் போயானும் சேர்ந்து ஐந்தரைக் கிலோ என்று இன்றும் ஊரெல்லாம் பெருமையடிப்பவள் அவள்தான்.

ஆபரேஷன் மூன்றரை மணி நேரம். தொப்புளுக்குக் கீழே தொங்கின தோலை எடுத்து, தசையை இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது வயிற்றில் இறுக்கமான பட்டை, பக்கத்துக்கு ஒரு குழாய், முனையில் நீர் வடிகிற குப்பி. அன்று சாயங்காலமே நர்ஸ், "படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும், எழுந்திருங்க" என்று நடக்க வைத்தாள். தோல் இழுப்பதால் பத்து நாள் குனிந்தேதான் நடை, முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை வைத்துத்தான் தூக்கம். பக்கத்து வீட்டு யோர்தாங்கா பீன்ஸ் சூப் கொண்டுவந்து ஏதோ கதை சொல்ல, "வாயை மூடுடி, சிரிச்சா உயிர் போகுது" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மூன்றாம் நாள், "நல்லாத்தானே இருந்தேன், நானே போய் வெட்டிக்கிட்டேன். நெவேனா சொன்னதுதான் சரி" என்று அழுதாள். அப்படி மனசு விழுவது இதில் சகஜம், போய்விடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. ரத்தக்கட்டுதான் என்று பயந்து உடனே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டு இல்லை, குனிந்து நடந்ததில் தசை பிடித்திருக்கிறது என்றார்கள். "இந்த மாதிரின்னா நூறு தடவை ஓடி வந்தாலும் தப்பில்ல" என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அம்மாதான் "அழுகையை வீட்டுல வச்சுக்கலாம், ரோட்டைப் பாரு கிறில்" என்று அதட்டினாள்.

இப்போது குழாய்களை எடுத்துவிட்டார்கள். தழும்பு ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்கம் வரை, சிவப்பாக இருக்கிறது, மங்க ஒரு வருஷமாகுமாம். தொப்புளுக்குக் கீழே தொட்டால், வேறு யாரையோ தொடுவது போல இருக்கிறது என்கிறாள். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, அதனால் சமையல் என்னுடையது. நேற்று நான் சீஸ் வைத்துச் சுட்ட பனீத்சாவை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஆனால் காலையில் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள் நெவேனா.

ஞாயிற்றுக்கிழமை டான்யூப் கரைக்குப் போனோம். அம்மா போனை என் கையில் கொடுத்து, "தலையிலேருந்து கால் வரைக்கும் எடு" என்றாள். நம் வீட்டுப் படங்களை எடுத்துப் பார், எல்லாவற்றிலும் அவள் உன் தோளுக்குப் பின்னால், இல்லாவிட்டால் போயான் முதுகுக்குப் பின்னால். தனியாக, முழுசாக நிற்கிற படம் இந்த ஒன்றுதான். முதலில் உனக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அவளே சொன்னாள், உள்ளே வைத்திருக்கிறேன்.

எல்லா நலமும் உங்கள் இருவருக்கும் கிடைக்கட்டும். காற்றுக்குத் தொப்பி போடு. படத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிடு, என்னை அல்ல.

உன் அப்பா,
கிறில்