கிண்ணியா வீட்டையும் எழுதுங்கள்

கிண்ணியா,
14.05.2026

அன்பு மகள் இன்ஷிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம். அங்கே குளிர் விட்டதில் நீங்களும் மருமகன் ஸஜ்ஜாத்தும் உடம்பு தேறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தினமும் போனில் கதைத்தாலும் இந்த உறையைத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்ததால் கூடவே நாலு வரி எழுதுகிறேன். இங்கே உள்ள உங்கள் வீட்டுப் பின்பக்க ஓடுகளை மாற்றியாயிற்று, மேசனை நம்பாமல் வாப்பாவும் கூரையில் ஏறி நின்றார், சொன்னால் கேட்கிற ஆளா, இப்போது முழங்கால் வலி என்கிறார். நான் வழமைபோலப் பாலம் தாண்டித் திருகோணமலைக் கந்தோருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

கனடாவின் சேமிப்புக் கணக்குகளைப் பற்றி நீங்கள் அனுப்பியதை இரண்டு தரம் வாசித்தேன். வரியை விட்டுத் தருகிறோம் என்று எந்த அரசாங்கம் சொன்னாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆனாலும் விஷயம் விளங்கியது. இரண்டு கணக்கிலும் போடும் காசுக்கு வருமான வரி குறையும், முதல் வீடு வாங்குகிறவர்களின் கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் திருப்பி வைக்கத் தேவையில்லை, ஓய்வுகாலக் கணக்கிலிருந்து எடுத்தால் வருடா வருடம் திருப்பி வைக்க வேண்டும். முதலாவதுதான் நல்லது என்று அங்கே உங்கள் வங்கியில் வேலை செய்யும் பிள்ளை சொன்னதில் பிழையில்லை. ஆனால் இந்த வருடமோ முந்திய நாலு வருடங்களிலோ சொந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்று கையெழுத்துக் கேட்கும் பகுதியை அவர் வாசிக்கவில்லை, நீங்கள் வாசித்தீர்கள். வெளிநாட்டு வீடும் அதில் சேரும் என்பதையும் நீங்களே தேடிப் பிடித்தீர்கள். ஊர் வழக்கப்படி கலியாணத்துக்கு இந்த வீட்டை உங்கள் பெயருக்கு எழுதினோம், 2022 ஜூலையில் விமானம் ஏறும்வரை இரண்டு பேரும் இதில்தான் இருந்தீர்கள்.

அன்றைக்கு நீங்கள் இதைப் போனில் சொன்னபோது நான் சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "இல்ல எண்டு போடுங்க மகள், கிண்ணியாவுக்கு வந்து ஆரு பாக்கப்போறா" என்றேன். கந்தோரில் இருபது வருடமாக மற்றவர்களின் படிவங்களில் பொய் பிடிக்கிறவள் நான். பக்கத்தில் இருந்த நஜ்முன் நிஸா சாச்சி, "வீட்டத் திருப்பி உம்மாட பேருக்கு எழுதினாச் சரிதானே, சீதனம் குடுத்தாலும் கரச்சல், குடுக்காட்டியும் கரச்சல்" என்று சிரித்தாள். இப்போது மாற்றி எழுதினால் நீங்கள் குடியிருந்த காலம் இல்லாமல் போய்விடுமா? நீங்கள் கோபப்படவில்லை. "உம்மா, ஆரும் பாக்காட்டியும் வீடு அங்க நிக்கிதுதானே" என்று மட்டும் சொன்னீர்கள். வாப்பா அதைத் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு நாள் சொல்லித் திரிந்தார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனால் பஸ்ஸில் போகும்போது அந்தச் சொல்லை ஓரிரு தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

இந்த வருடம் சேர்ப்பதை ஓய்வுகாலக் கணக்கில் போட்டுவிட்டு, 2022ஆம் வருடம் அந்த நாலு வருடத்துக்கு வெளியே போகும் ஜனவரியில் வீட்டுக் கணக்கைத் திறப்பது என்ற உங்கள் முடிவுதான் சரி. மருமகனுக்கும் அதே கதைதானே. ஒரு வருடம் பிந்தும், அதுவரை அங்கே வீட்டு விலை காத்திருக்காது, தெரியும். பிந்தட்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியும் நீங்கள் பயணப்பட்ட நாளின் டிக்கெட்டும் இதற்குள் இருக்கின்றன, யாராவது கேட்டால் காட்டுங்கள். உங்களுக்குத் தந்த வீட்டைக் காகிதத்தில் இல்லாமலாக்கப் பார்த்தவள் நான், அதை நிற்க வைத்தது நீங்கள்.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் தரட்டும், மனதுக்குப் பிடித்த வீட்டில் உங்களைக் குடியேற்றட்டும். மருமகனுக்கு எங்கள் ஸலாம். வங்கிப் பிள்ளை பென்சிலால் புள்ளடி போட்டுத் தரும் இடங்களில் வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். இதை இனி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
சுஹைரா