சாவியை எடுத்த பிறகும்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
2.2.2025

அன்புள்ள டெய்சிக்கு,

நானும் அத்தையும் இங்கே சுகம். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருவாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கத்திக்கொள்கிறோம், இனிமேல் எழுதுவோம் என்றாய். சரி, எழுதுகிறேன். கத்த முடியாத குறை மட்டும் எனக்கு இருக்கிறது.

ஒரு செய்தி. கோபப்படாதே. மச்சானுடைய காருக்கு டர்போ மாட்டியாகிவிட்டது.

கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் அந்தப் பழைய டீசல் காரை வாங்கிய நாளிலிருந்து உன் அண்ணன் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். "ஆறு சிலிண்டர் இருந்து என்ன மாப்ள, மலை ஏறயில இம்புட்டு மூச்சு வாங்குதே. ஒரு டர்போவ போட்டுட்டா பறக்கும்." அவர் நம்மை விட்டுப் போன பிறகு கார் தகரக் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. தினமும் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. விற்கவும் மனம் வரவில்லை.

பேகம்பூர் ஃபயாஸ் பாய்தான் வேலை பார்த்தார். ஏதோ லாரியிலிருந்து கழற்றிய டர்போ. பெரிய நத்தை ஓடு மாதிரி இருக்கிறது. இன்ஜின் கக்குகிற புகை உள்ளே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது டீசல் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. அதைக் கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். இத்தனை வருஷமாக மகனின் காரைப் பார்க்கக் கொட்டகைப் பக்கமே வராதவர், வந்து பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பாய் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றுவிட்டது. விசில் மட்டும் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. சக்கரம் தானாகச் சுற்றி நிற்கும், டர்போ அப்படித்தான் என்றார் பாய்.

அத்தை, "மூச்சு விடுறான்" என்றார். அதற்குப் பிறகு உள்ளே போய்ச் சோறு வடித்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஆண்டனிராஜ்


லிமெரிக், அயர்லாந்து
16.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபப்படாதே என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே கோபப்படுகிற செய்தியை எழுத உங்களால்தான் முடியும்.

இந்த ஐசியூவில் எனக்கு என்ன வேலை தெரியுமா? காற்றை உள்ளே திணிப்பதுதான். தானாக மூச்சு விட முடியாதவர்களுக்கு மெஷின் திணிக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். அதனால் உங்கள் டர்போவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அண்ணன் மெஷினில் கிடந்த அந்தக் கடைசி நாளில் நீங்களும் அம்மாவும் கண்ணாடிக்கு வெளியே நின்றீர்கள். இனி மெஷின் மட்டும்தான், ஆள் இல்லை, எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்த நான்தான் "எடுத்துருங்க" என்றேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. போனை நீட்டினால் எழுந்து போய்விடுகிறாள்.

இப்போது அவள் ஒரு இன்ஜினைப் பார்த்து, மூச்சு விடுறான் என்கிறாளே. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவளை அதில் உட்கார விடாதீர்கள்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

டெய்சி


திண்டுக்கல்
9.3.2025

அன்புள்ள டெய்சிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அத்தை உட்கார்ந்துவிட்டார். இப்போது தினமும் மத்தியானம், நான் சாப்பிட வரும் நேரத்தில், இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். செத்த நேரம் ஓட விடுய்யா என்கிறார். விடுகிறேன். பிறகு இறங்கி வந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறார். முருங்கைக்காய் வெஞ்சனம் வைத்துத் தானே பரிமாறுகிறார். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு கிடந்த மனுஷியை நீ பார்த்ததில்லை. எப்படி நிறுத்தச் சொல்வேன்?

நத்தம் ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், தனியாக. நல்ல வெயில். மிதித்ததும் ஒன்றும் ஆகாது. ஒரு கணம் கழித்து, பின்னாலிருந்து யாரோ இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளுவதுபோல வண்டி பாய்கிறது. புளியமரத்து நிழலில் இளநீர் விற்கிற அம்மாவிடம் நிறுத்தினேன். ஒன்றைச் சீவி எனக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றையும் சீவினார். ஒன்று போதும் என்றேன். அவர் கார்ப் பக்கம் கையைக் காட்டி, "அப்ப உள்ள இருக்கவருக்கு?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். சீட்டின் தலைசாய்ப்பில் நிழல் விழுந்து ஆள் மாதிரி தெரிந்திருக்கும். இரண்டையும் நானே குடித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். தெருமுனையிலேயே விசில் கேட்டது. அத்தை யாரையோ கூப்பிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டார் என்று வேகமாக வந்தேன். அத்தை சீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விசில் நின்றுவிட்டது. பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, டெய்சி. உனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை.

ஆண்டனிராஜ்


லிமெரிக்
21.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது என்று முன்பு போனில் சொன்னீர்களே. பேசும்போது பல் இடுக்கில் காற்று போனால் விசில் மாதிரிதான் கேட்கும். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஆனால் தனியாக உட்கார்ந்து அவள் என்ன பேசினாள்? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா, கேட்கவில்லையா?

ஃபயாஸ் பாயைக் கூப்பிட்டு அந்த டர்போவைக் கழற்றச் சொல்லுங்கள். கார் இருந்துவிட்டுப் போகட்டும். அது பழையபடி மூச்சு வாங்கட்டும். நான் உங்களிடம் இதுவரை கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

டெய்சி


திண்டுக்கல்
13.4.2025, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள டெய்சிக்கு,

நீ சொன்னபடி பாயைக் கூப்பிட்டேன். எப்படி நடந்தது என்பதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் ஃபயாஸ் பாய் சாமான்களோடு வந்தார். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை. கடைசியாக ஒருதடவை ஓட விடு என்றார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவியையே உருவி எடுத்தேன். அப்போதும் நிற்கவில்லை. யாரும் மிதிக்காமலே சத்தம் ஏறிக்கொண்டு போனது. விசில் காதைக் கிழித்தது. கொட்டகை முழுக்க நீலப் புகை.

பாய் கத்தினார். "டர்போ சீல் போயிருச்சுண்ணே. தன் ஆயிலையே குடிச்சு ஓடுது. காத்து இழுக்குற வாய அடைச்சாத்தான் நிக்கும்."

காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு பலகையை என் கையில் திணித்தார். அத்தையை இறக்க ஓடினார். அவர் பக்கத்துக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. அந்த வாய் என் முன்னால் திறந்திருந்தது, டெய்சி. என் சட்டையை இழுத்தது. பலகையை வைத்து அழுத்தினால் போதும். என்னால் முடியவில்லை. அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற மாதிரியே நின்றேன்.

புகைக்குள் அத்தையின் முகம் தெரிந்தது. பயமே இல்லை. காலியாக இருந்த டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு தலையை ஆட்டினார். பூட்டைத் திறந்து தானே இறங்கினார். நடந்து என்னிடம் வந்து, "குடுய்யா" என்று பலகையை வாங்கினார். இரண்டு கையாலும் அந்த வாயில் வைத்து அழுத்தினார். அது பலகையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க உதறியது. இன்ஜின் இருமி இருமி நின்றது.

விசில் நிற்கவில்லை. பலகை ஒட்டிக்கொண்டிருக்கிறது, காற்று நுழைய வழியே இல்லை, ஆனாலும் கேட்டது. முதலில் இன்ஜின் பக்கம். பிறகு கொட்டகை வாசலில். பிறகு வீட்டுப் பக்கமாகப் போய்த் தேய்ந்துவிட்டது. ஃபயாஸ் பாயும் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டர்போவைக் கழற்றாமலே சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே உங்கள் காதில் என்ன விழுந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"'போதும்மா'ன்னான்" என்றார்.

சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்றார். யாருக்காகக் கேட்கிறார் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் உன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஆண்டனிராஜ்


லிமெரிக்
29.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா கூப்பிட்டாள்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள். எனக்குக் காலை, உங்களுக்கு மத்தியானம். எடுத்ததும் அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. எங்கே வாயைத் திறந்தால் வைத்துவிடுவாளோ என்று பயம். பல் போன இடத்தில் காற்று சீறுகிற அவள் மூச்சு. அதோடு இன்னொரு மூச்சும் கேட்டது. நிதானமாக, கொஞ்சம் கனமாக. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் இருக்காராம்மா?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போயிட்டாரு. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றாள்.

அவள் பேசியபோதும் அந்த இன்னொரு மூச்சு நிற்கவில்லை. நான் நாள் முழுக்க மற்றவர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள். இதில் எனக்குத் தப்பு வராது. ஆனாலும் போனை வைக்கத் தோன்றவில்லை. அப்படியே மூன்று பேரும் இருந்தோம்.

பிறகு அது மெல்ல மெல்ல இறங்கியது. கடைசியில் நின்றது. எப்போது நின்றது என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சாப்டியா?" என்றாள்.

சாப்டேன்மா என்றேன். உண்மையில் சாப்பிடவில்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே கடைசியில் வருகிறேன். நீங்கள் மட்டும் மதுரைக்கு வந்தால் போதும். அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். வாசலில் அவளைப் பார்க்க வேண்டும்.

உங்கள்
டெய்சி