மாமா பிடித்த கயிறு

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். மாமாவுக்காக ஒரு வரியும் குறைக்கமாட்டேன்.

நீங்கள் சங்கு குளிக்க இறங்கும்போது தோணியில் உங்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்தவர் அம்மாவின் அண்ணன். தங்கை தாலிக்காகவாவது விடமாட்டான் என்று கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது நம் வழக்கம். அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் அம்மா அவரையே நம்பினாள்.

தொண்டை அடைப்பான் நோய் உங்கள் மூச்சுக்குழலில் சவ்வாகப் படர்ந்திருந்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று காலையிலேயே டாக்டர் சொன்னார்.

மாமா சிரித்தார். "பத்துப் பாகம் ஆழத்துல முங்குதவன் இவன். இவன் மூச்சு எம்புட்டுத் தாங்கும்னு எனக்குல்லா தெரியும்! கழுத்துல ஓட்டை போட்டா பொறவு எப்படி முங்குவான்?"

"நோய் தணிஞ்சதும் குழாயை எடுத்திருவோம் அண்ணாச்சி, ஓட்டை தானா மூடிரும். இப்ப நிதானமாச் செஞ்சா ஆபத்து குறைவு. நீலம் பாஞ்ச பொறவு அவசரத்துல செஞ்சா, பிழைப்பார்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வேண்டாம் என்று மாமா கையெழுத்துப் போட்டார். மத்தியானமும் டாக்டர் வந்து கேட்டார். மாமா அசையவில்லை.

அப்போதுதான், பேச முடியாத நீங்கள், மாமாவின் வேட்டி முனையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தீர்கள். கடலுக்கடியிலிருந்து 'தூக்கு' என்று கேட்கும் அதே இழுப்பு. கட்டிலருகே நின்ற எனக்கே புரிந்தது. இத்தனை வருடம் கயிறு பிடித்தவருக்குப் புரியாதா? "சும்மா கெடலே" என்று வேட்டியை உருவிக்கொண்டார்.

நான் ஏன் அன்று கத்தவில்லை? அதையும் எழுதத்தானே வேண்டும்? மாமா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் உங்கள் உதடு நீலமானதும், "அறுங்க டாக்டரே, அறுங்க!" என்று கதறியவரும் அவர்தான். டாக்டர் ஓடிவந்து துளையிட்டார். பிந்திவிட்டது.

இப்போது மாமா நம் திரேஸ்புரம் முழுக்க, "டாக்டர் கழுத்தறுத்துக் கொன்னுட்டான்" என்று சொல்லித் திரிகிறார். அம்மாவோ, "ஏளா, வாயத் தெறக்காத. அவன விட்டா நமக்கு யாரு?" என்கிறாள்.

அவர் போடும் சோறு எனக்கு இறங்கவில்லை அப்பா. அவர் தோணியில் கயிறு சுருண்டு கிடக்க வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு இறங்க ஓர் ஆளும் வரக் கூடாது.

உங்கள் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முங்குகிறவர்கள் எல்லோரும் ஊர் மன்றத்தில் கூடுவார்கள். அவர்கள் முன்னால் இதை வாசிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் 'வாத்திச்சி' என்று கூப்பிட்ட உங்கள் ஒரே மகள்

பி.கு.: ராத்திரி ஜெபம் முடிந்ததும் வாசித்தேன் அப்பா. வேட்டி முனை வரை வந்ததும் மாமா எழுந்து, "பொய் சொல்லுதா!" என்று கத்தினார். "நீரு உக்காரும். நீ வாசி ஏளா" என்றார் முங்குகிறவர்களில் ஒருவர். கடிதம் முழுவதும் எனக்கு மனப்பாடம் என்று தெரியாமல், மாமா போய் விளக்குகளை அணைத்தார்.