எங்கள் வீட்டு விளையாட்டு சேனல்கள்

மார்ச் 4
அக்கா வீடு

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும். போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கண்டேன்? அதனால்தான் கடிதம். ஒரு "ம்" மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உங்கள் கஞ்ச மனசு இடம் கொடுக்காது.

விஷயம் இதுதான். டிவி, லேண்ட்லைன், பிராட்பேண்ட் மூன்றுக்கும் சேர்த்து என் போனுக்கு வருகிற பில் இந்த மாதமும் ஏறியிருக்கிறது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ரெண்டு பேர் இருக்கற வீடா, இல்ல தியேட்டரா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி வெளியூரில் திறக்கிற புதுக் கிளையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, அதற்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை யோசிக்கத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் அந்த ஊருக்குப் போனால் நமக்கு வீடு இரண்டு, செலவு இரண்டு. போகாவிட்டாலும் இந்தப் பில்லை இப்படியே வளரவிட முடியாது. எப்படிப் பார்த்தாலும் வெட்ட வேண்டும்.

உங்கள் வேலை: எந்த சேனலை உண்மையாகவே பார்க்கிறீர்கள், லேண்ட்லைன் எப்போதாவது அடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பிறகு கம்பெனிக்குப் பேச வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. இத்தனை வருஷமும் "ஆமா, நான்தான் பேசறேன்" என்று உங்களை ஒரு வரி சொல்லவைத்து, போனைப் பிடுங்கி மீதியை நான் பேசினேன். இப்போது பிடுங்குவதற்கு நான் பக்கத்தில் இல்லை. நீங்கள்தான் பேசியாக வேண்டும்.

பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டுப் படுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் "வக்கீல்" என்று பட்டம் கட்டிய உங்கள் மனைவி


மார்ச் 10
வீடு

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். சாப்பிடுகிறேன். இதை எழுதுவதற்குள்ளேயே பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். உனக்கு எப்படித்தான் பக்கம் பக்கமாக வருகிறதோ.

சொன்னபடி டிவியை ஆராய்ந்தேன். நான் பார்ப்பது செய்தி. அது முடிந்ததும் பழைய பாட்டு. அதிலும் பாதியில் தூங்கிவிடுகிறேன். கார்ட்டூன் சேனல்களுக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம், தெரியுமா? நம் மகள் வேலைக்குப் போய் வரியே கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் சொன்னேன். "அப்பா, அதை எடுத்துடாதீங்க, நான் வந்தா பார்ப்பேன்" என்கிறாள். நான் எடுத்துவிடலாம் என்றே இருக்கிறேன். நமக்குப் பாஷையே தெரியாத சினிமா சேனல்கள் ஒரு கூட்டம் இருக்கின்றன. ஒரு படத்தை முழுசாகப் பார்த்தேன். யாரோ யாரையோ கடைசிவரை தேடினார்கள். கிடைத்தாரா என்று தெரியவில்லை.

விளையாட்டு சேனல்கள் இருக்கட்டும். விலை அதிகம்தான், இருப்பதிலேயே அதுதான் அதிகம். ஆனால் உனக்கு டென்னிஸ் என்றால் உயிர். நீ வரும்போது பார்க்க இருக்க வேண்டும். அதில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

லேண்ட்லைன் ஒரே ஒரு தடவை அடித்தது. நீதானோ என்று சோப்புக் கையோடு ஓடிப் போய் எடுத்தேன். ஒரு பெண், கிரெடிட் கார்டு வேண்டுமா என்றாள். "வேணாம்மா" என்றேன். "வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார்?" என்றாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டு, ரிசீவரில் ஒட்டிய சோப்பைத் துடைத்தேன்.

பால்கனியைப் பூட்டித்தான் படுக்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 14
அக்கா வீடு

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கா? டென்னிஸ் உயிரா? யார் சொன்னது?

அந்தப் பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிதான் வரும். நீங்கள் வேலை விட்டு வந்ததும் அதைப் போட்டுவிட்டு உட்கார்வீர்கள். சரி, பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து கிரீஸில் புரண்டுவிட்டு வருகிற மனுஷர், ஆசையாகப் பார்க்கிறார், கெடுப்பானேன் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை பில் ஏறும்போதும், மற்றதை வெட்டினாலும் அதை மட்டும் உங்களுக்காகவே விட்டுவைத்தேன். எனக்குப் பிடித்த சமையல் சேனலைக்கூட ஒரு தடவை அதற்காகத்தான் எடுத்தேன். இப்போது வந்து அது எனக்காகத்தான் என்கிறீர்கள்.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "டென்னிஸ் ஓடும்போது நீ வாயே திறக்க மாட்டேன்னு மாப்பிள்ளை ஒரு தடவை எங்கிட்டகூட பெருமையா சொன்னாரே" என்றாள். வாய் எப்படித் திறக்கும்? கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தேன்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, "உனக்கு இது பிடிக்குமா?" என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

போகட்டும். இப்போது கம்பெனிக்குப் பேசுங்கள். முதலில் எடுப்பவரிடம் விலை பேசாதீர்கள், அவரால் ஒன்றும் ஆகாது. "இணைப்பை விட்டு விலகிக்கறோம்" என்று கறாராகச் சொல்லுங்கள். உடனே வேறொரு பிரிவுக்கு மாற்றுவார்கள். போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். ஏன், என்ன என்று கேட்பார்கள். "கட்டணம் அதிகம்" என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் சொல்லாதீர்கள். அவர்களாக இறங்கி வருவார்கள். முதலில் சொல்கிற சலுகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் தலை ஆடும், எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
டென்னிஸ் ரசிகை


மார்ச் 18
வீடு

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

பேசிவிட்டேன். நீ சொல்லிக்கொடுத்ததில் பாதி சொன்னேன், மீதி சொதப்பிவிட்டேன்.

முதலில் ரொம்ப நேரம் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு ஓடி முடிவதற்குள் குளியலறைக் குழாய்க்கு வாஷரே மாற்றிவிட்டேன். இனி சொட்டாது. அப்புறம் ஒருவர் வந்தார். "விலகிக்கறோம்" என்றேன். நீ சொன்ன மாதிரியே மாற்றிவிட்டார். ஒரு பெண் வந்தாள். நம் மகள் வயசுதான் இருக்கும், குரல் அப்படி.

"எதனால சார் விலகறீங்க?" என்றாள். "கட்டணம் அதிகம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றும் வாயில் வந்துவிட்டது. "மேடம் வெளியூரா சார்?" என்றாள். "அவங்க அக்கா வீட்ல இருக்காங்க. அப்புறம் வெளியூர் போனாலும் போவாங்க" என்றேன். அப்புறம் அவள் வேலையை அவள் பார்க்க வேண்டாமா, "எங்க சேவையில எதாவது குறையா சார்? என்ன செஞ்சா எங்களோட இருப்பீங்க?" என்று கேட்டாள். ரொம்பக் கனிவாகக் கேட்டாள். விளையாட்டு சேனல்களை ஆறு மாதம் இலவசமாகத் தருகிறேன் என்றாள். "அம்மாடி, அது மட்டும் வேணவே வேணாம்" என்றேன். அவளே சிரித்துவிட்டாள். கடைசியில் பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார்களாம், இரண்டு வருஷம் விலகமாட்டோம் என்று ஒத்துக்கொண்டால். தலையை ஆட்டவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முகம் தெரியாத ஒரு கம்பெனி, நான் போகிறேன் என்றதும் ஏன் என்று கேட்கிறது. என்ன குறை என்று கேட்கிறது. நீ அன்றைக்கு, "புதுக் கிளைக்குக் கூப்பிடறாங்க, போகலாமான்னு இருக்கேன்" என்று வந்து நின்றாய். நான், "சரி, போய்ட்டு வா" என்றேன். சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரைத் தேடினேன்.

எனக்கு அக்கறை இல்லாமல் இல்லை. தடுத்தால் உனக்கு வந்த நல்ல வாய்ப்பைக் கெடுத்தவன் ஆகிவிடுவேனோ என்று பயம். நீயே போக ஆசைப்படும்போது நான் குறுக்கே நிற்பானேன் என்று நினைத்தேன்.

இப்போது கேட்கிறேன். நீ ஏன் போக நினைத்தாய்? என்னிடம் என்ன குறை? நான் என்ன செய்தால் நாம் ஒன்றாக இருப்போம்?

பதில் எழுது. நீ எவ்வளவு திட்டி எழுதினாலும் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்


மார்ச் 22
அக்கா வீடு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய், கண் பரிசோதிக்கும் இருட்டறையில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். உதவிக்கு இருக்கும் பெண் கேட்டதற்குச் சொட்டு மருந்து என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஏன் போக நினைத்தேன் என்றால், எனக்குக் கடை நடத்த ஆசை. ஒருவர் உள்ளே நுழையும்போதே எந்தப் பிரேமில் போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதை வாங்கி அடுக்குவது என்று முடிவு செய்வது எப்போதும் வேறு யாரோ. ஒரு தடவையாவது நான் அடுக்கிப் பார்க்க வேண்டும். முதலாளியிடம் நேற்றே சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் கடைக்காகப் போகக் கேட்டேன். உங்களை விட்டுப் போகக் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குக் கிளம்பி வந்தது மட்டும்தான் உங்கள் மேல் இருந்த கோபத்தில்.

குறை கேட்டீர்களே. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவு திறக்கிற வரைக்கும் வெளியே நின்று விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் பயந்துவிடுவார் என்று புதுசாகச் சேருகிற பையன்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் அவர்கள் பிள்ளை குட்டி வரைக்கும் விசாரிக்கிறீர்கள். என்னிடம் வந்தால் "ம்". பல நாள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இதுதான் குறை. வேறு இல்லை.

என்ன செய்தால் ஒன்றாக இருப்போம் என்பதற்கு மட்டும் பதில் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்கள் செய்தால் அதுவும் விளையாட்டு சேனல் கதையாகத்தான் முடியும். எனக்கு எது நல்லது என்று நீங்கள் யோசித்தது போதும். உங்களுக்கு என்ன வேண்டும்? அதை எழுதுங்கள்.

அந்த இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


மார்ச் 26
வீடு

அன்பான என் வக்கீலுக்கு,

எனக்கு உன்கூட இருக்க வேண்டும். இதைக் கிழித்துக் கிழித்து எழுதிப் பார்த்தேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை.

நேற்று மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நீ போகிற ஊரிலும் எங்கள் லிஃப்ட் கம்பெனிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே மாற்றல் கேட்டேன். "அங்க போனா சூப்பர்வைசர் கிடையாதுப்பா, சாதா மெக்கானிக்தான். மறுபடி டூல் பையைத் தூக்கணும். பரவாயில்லையா?" என்றார். "பரவாயில்ல சார்" என்றேன். "வீட்ல சொன்னாங்களா?" என்றார். "இல்ல சார், அவங்களுக்கே தெரியாது" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குச் சூப்பர்வைசர் வேலையே பிடிக்கவில்லை. ரிப்போர்ட் எழுதியே பாதி நாள் போகிறது. உனக்குப் பெருமையாக இருக்கும் என்றுதான் ஒத்துக்கொண்டேன். உனக்குப் பெருமையாக இருந்ததா இல்லையா என்று இன்றுவரை கேட்டதில்லை. நீ பதில் சொல்லவும் வேண்டாம்.

பிறகு டிவிக் கம்பெனிக்குப் பேசினேன். இந்த முறை வாஷர் மாற்றவில்லை, போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தற்செயலாக அதே பெண். மாதக் கடைசியோடு மூன்றையும் எடுத்துவிடச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு என்றவள், பாதி என்றாள். பாதியும் வேண்டாம் என்றேன். நீ இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பாய். அவளுக்கு என்னை ஞாபகம் இருந்திருக்கிறது. "மேடம் திரும்பி வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான்தான் போறேன்" என்றேன்.

மாற்றல் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். என் ஆசையைச் சொல்லிவிட்டேன். உன் ஆசை எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நானே நினைத்துக்கொள்ளவும் மாட்டேன். அதனால் கேட்கிறேன். நானும் உன்கூட வரட்டுமா?

அன்புடன்,
உன் லிஃப்ட்காரன்


மார்ச் 28
அக்கா வீடு

என் அன்புக்கு,

வாங்க.

சனிக்கிழமை காலையில் நானும் அக்காவும் சாமான் கட்ட வருகிறோம். கனமான எதையும் தனியாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மோடத்தையும் டிவிப் பெட்டியையும் கம்பெனி ஆபீஸில் திருப்பிக் கொடுத்து மறக்காமல் ரசீது வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் பில் போடுவார்கள்.

உங்கள்
வக்கீல்