மூத்தவளின் பெயர்

தியூரின் அப்பாவுக்கு,

போனில் என்றால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இது நாலாவது தாள்.

ஞாயிறன்று சின்னவன் பார்லினுக்கு ஞானஸ்நானம். போதகர், "பார்லினோட அம்மா, முன்னால வாங்க" என்றார். நான் எழவில்லை. மூத்த பிள்ளையின் பெயரால்தானே நம் பாத்தாக் ஜனம் பெற்றவர்களைக் கூப்பிடும்?

"ஒங்க வீட்டுக்காரருதான் போன் பண்ணி மாத்தச் சொன்னாரு. மூத்ததுக்குப் பேச்சே வராது, பேரு வெளங்கவா போவுதுன்னாரு" என்றார்.

"அவளுக்கும் இதே தண்ணியிலதான பேரு வச்சீங்க, ஐயா? அதக் கர்த்தர் அழிச்சிட்டாரா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தியூரோட அம்மா" என்று கூப்பிட்டார்.

எனக்கு முன்பே தியூர் எழுந்து நின்றுவிட்டாள்.

நீங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கதவை அவள் திறப்பாள். நான் திறக்க மாட்டேன்.

அவளைப் பெற்றவள்